பழைய புடவை, சட்டை, வேட்டியில் நினைவுப் போர்வை: எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது?

நூல்கண்டு:
கையில் இருப்பவை: காஞ்சிப் பட்டு 2 (ஜரிகை கறுத்திருக்கிறது, ஒன்று மடிப்பில் கிழிகிறது), சுங்குடி 3, கண்டாங்கி 1, அரைக்கைச் சட்டை 6, எட்டு முழ வேட்டி 2, குழந்தையின் டீ-ஷர்ட் 4, பழைய கடிதம் ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து 50க்கு 60 இஞ்ச்சில் ஒரே குவில்ட் தைக்க வேண்டும். மெஷின் நேர்தையல் மட்டும் போடும் பழைய கறுப்பு மெஷின். எத்தனை கட்டம் வரும்? உள்ளே என்ன வைப்பது? பட்டை என்ன செய்வது?

பாவும்_ஊடையும்:
எண்ணிக்கைக்கு அப்புறம் வரலாம். முதலில் ஒன்று முடிவு செய்யுங்கள்: இது துவைக்கப் போகிற போர்வையா, துவைக்கவே போகாத ஒன்றா?

பட்டும் ஜரிகையும் பருத்தியும் ஒரே போர்வையில் இருந்தால் முதல் துவையலிலேயே மூன்றும் மூன்று வழியில் போகும். இருபது வருடம் துவைத்த சுங்குடி இனிச் சுருங்காது. பட்டு சுருங்கி மினுமினுப்பை விடும். ஜரிகை வளைந்து கட்டத்தையே இழுத்துக்கொண்டு நிற்கும். அதனால் இரண்டாகப் பிரியுங்கள். பருத்தி எல்லாம் சேர்த்து மூடிக்கொள்கிற போர்வை. பட்டு இரண்டும் சுவரில் தொங்கவிடச் சின்னதாக ஒன்று, இரண்டடிக்கு மூன்றடி போதும்.

அடுத்தது துணியின் பலம். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நூல் விலகி வலை மாதிரி தெரிகிற இடங்களைச் சாக்பீஸால் சுற்றி வையுங்கள். பிறகு இரண்டு கட்டைவிரலையும் ஒட்டினாற்போல் வைத்துப் பாவுப் பக்கம் (நெடுக்கு நூல்) ஒருமுறை, ஊடைப் பக்கம் (குறுக்கு நூல்) ஒருமுறை மெல்ல இழுங்கள். “சர்ர்” என்று ஒரு சின்னச் சத்தம் வந்தாலே அந்தப் பகுதி தையலைத் தாங்காது.

புடவையில் எங்கே தேய்ந்திருக்கும் என்பது ஓரளவு தெரிந்ததுதான்: தோளில் பின் குத்தும் இடம், இடுப்பில் சொருகும் இடம், காலடிக் கரை. ஃபால்ஸ் தைத்த புடவையென்றால் அதைப் பிரித்துப் பாருங்கள். அடியில் வாங்கிய நாளின் நிறம் அப்படியே இருக்கும். நான்கு, ஐந்து இஞ்ச் அகலத்துக்கு வெயில் படாத, தேயாத துணி. வெட்டி எடுக்க இதைவிட நல்ல இடம் புடவையில் வேறு கிடையாது, ஆனால் பலரும் அதைக் கழிவோடு போட்டுவிடுகிறார்கள்.

பாபின்கேஸ்:
கணக்கு என் பங்கு.

50க்கு 60 என்றால் 10 இஞ்ச் கட்டம் அகலத்தில் 5, நீளத்தில் 6, மொத்தம் 30. தையலுக்குச் சுற்றிலும் கால் இஞ்ச் விட வேண்டும், அதனால் வெட்டும் அளவு 10½. பிளவுஸ் தைக்கிற பழக்கத்தில் அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் என்று கை போகும். அப்படிப் பிடித்தால் ஒரு தையலுக்கு அரை இஞ்ச்சுக்குக் குறையாமல் போய், ஐந்து கட்ட வரிசை 48 இஞ்ச்சில் வந்து நிற்கும். மெஷின் தட்டில் ஊசியிலிருந்து சரியாகக் கால் இஞ்ச் தள்ளி ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, துணி ஓரத்தை அதை ஒட்டியே ஓட்டுங்கள்.

ஒரு புடவை 5½ மீட்டர், அதாவது 216 இஞ்ச். அகலம் 45 இஞ்ச், இருபக்கக் கரையைக் கழித்தால் 37 சுமார். குறுக்கே 3 கட்டம், நெடுக 20. ஒரே புடவையில் 60 கட்டம்! உங்களுக்கு வேண்டியது மொத்தமே 30. அதனால் எந்தப் புடவையையும் முழுசாக வெட்ட வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கெஜம் எடுத்தால் மிஞ்சும். முந்தானையையும் ஒரு கரையையும் தொடாமல் மடித்து வையுங்கள்.

சட்டையில் முதுகுதான் வளமான இடம். 40 சைஸ் சட்டையில் 10½ இஞ்ச் கட்டம் இரண்டு நிச்சயம், பெரிய சைஸ் என்றால் நான்கு. முன்பக்கத்தில் பாக்கெட்டை நடுவில் வைத்து ஒன்று வெட்டலாம். பட்டன் பட்டி வேண்டுமானால் பட்டனைப் போட்டபடியே மேசையில் விரித்து, பட்டியின் ஓரத்தில் ஒரு தையல் ஓட்டி மூடிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். வெட்டும் ஓரத்திலிருந்து ஒரு இஞ்ச்சுக்குள் வருகிற பட்டனை முதலிலேயே எடுத்துவிட வேண்டும், மெஷின் பாதம் அதில் ஏறினால் ஊசி ஒடியும். கைக்குழந்தைக்கான போர்வை என்றால் ஒரு பட்டன்கூட வேண்டாம்.

பாக்கெட் கட்டத்தில் பாக்கெட் வாயைத் தைக்காதீர்கள். ஏன் என்று கீழே யாராவது சொல்வார்கள்.

காடாத்துணி:
சொல்கிறேன். “துவைத்தால் உடுத்தியவரின் வாசம் போய்விடுமே” என்ற கேள்வி இந்த மாதிரி உரையாடல் எல்லாவற்றிலும் வரும். போகத்தான் போகும். துவைக்காமல் தைத்தால் துணியில் இருக்கிற வியர்வையும் எண்ணெயும் இரண்டு மூன்று வருடத்தில் மஞ்சளாக வெளியே வரும், பூச்சியும் அங்கேதான் முதலில் வரும். எல்லாத் துணியையும் துவைத்துவிட்டு, துவைக்காத கைக்குட்டை ஒன்றை மட்டும் அந்தப் பாக்கெட்டில் வையுங்கள். போர்வையை அலசும்போது எடுத்துக்கொள்ளலாம்.

துவைப்பதற்கு முன் சாயச் சோதனை. சுங்குடியில் அரக்கும் கருநீலமும் சாயம் விடும், பக்கத்தில் இருப்பது வெள்ளை வேட்டி. ஈரமான வெள்ளைத் துணியைப் புடவைமேல் வைத்துச் சூடான இஸ்திரியை அரை நிமிடம் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தப் புடவையைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில், தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். உப்பும் வினிகரும் போட்டு ஊற வைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பதை நம்பாதீர்கள். ஏற்கெனவே சாயம் போட்ட பருத்தியில் அது ஒன்றும் செய்யாது. ஐந்தாறு முறை அலசியும் விட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் புடவையை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மஞ்சள் கறை இருந்தால் சோப்புப் பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். நன்றாக அலசி வெயிலில் போடுங்கள், மஞ்சளை வெயில் தின்றுவிடும். பின் குத்தி ஏறிய துருக்கறை வேறு சமாச்சாரம், துரு நூலையே அரித்திருக்கும். அந்த இடத்தை வெட்டி ஒதுக்குங்கள்.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். பழைய துணியை எல்லாம் பார்த்துப் பார்த்துத் துவைத்துவிட்டு, அடித்துணிக்குக் கடையில் வாங்கிய புதுக் காடாவைத் துவைக்காமல் அப்படியே போடுவார்கள். காடா பத்து இஞ்ச்சுக்கு அரை இஞ்ச்வரை சுருங்கும். மேலே இருப்பது சுருங்காது. முதல் துவையலில் போர்வை முழுக்க அப்பளம் பொரிந்த மாதிரி ஆகிவிடும். புதுத் துணியை இரண்டு தடவை நனைத்துக் காயவைத்த பிறகே அளவெடுக்கவும்.

கைத்தையல்_ராணி:
அடித்துணிக்குக் கடைக்கே போக வேண்டாமே, கண்டாங்கி இருக்கிறது! அடித்துணி மேல்துணியைவிடச் சுற்றிலும் 3 இஞ்ச் அதிகம் வேண்டும், 56க்கு 66. புடவையின் அகலம் 45 என்பதால் ஒரு ஒட்டு வந்தே தீரும். 66 இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி ஒட்டினால் 132 இஞ்ச் புடவை செலவு. 56 இஞ்ச்சாக இரண்டு வெட்டிக் குறுக்கே ஒட்டினால் 112தான். 20 இஞ்ச் மிச்சம், ஓரப் பட்டிக்கு ஆகும்.

உள்ளே வைக்க நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சே தேவையில்லை. வேட்டி ஒன்று போதும், எட்டு முழம் 3.6 மீட்டர் வரும், இரட்டையாக மடித்தால் உள்துணி தயார். வங்காளத்துக் காந்தா அப்படித்தான்: பழைய புடவைகளையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டுத்தையல், தையலுக்கு நூலும் புடவைக் கரையிலிருந்தே உருவுவார்கள்.

பாபின்கேஸ்:
மலைப்பக்கம், வெளிநாடு என்றால் உள்ளே 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) பாலியெஸ்டர் வாடிங், அதாவது தகடாக வரும் பஞ்சு. கனமாகப் போகாதீர்கள், 200 ஜிஎஸ்எம் எல்லாம் அந்தக் கறுப்பு மெஷினின் பாதத்துக்கு அடியில் நுழையாது. இலவம்பஞ்சு கண்டிப்பாக வேண்டாம். தையலுக்கு இடையில் நழுவி மூலைக்கு மூலை உருண்டுவிடும், தண்ணீரும் ஆகாது.

நூல்கண்டு:
டீ-ஷர்ட்டை வெட்டிப் பார்த்தேன், ஓரம் சுருண்டுகொள்கிறது. கட்டமாகவே நிற்கவில்லை.

பாபின்கேஸ்:
பனியன் துணி அப்படித்தான். வெட்டுவதற்கு முன் பின்புறம் ஒட்டு கேன்வாஸ் போட வேண்டும், இருப்பதில் மெல்லியதாகப் பார்த்து. கட்டத்தைவிட ஒரு இஞ்ச் பெரிதாக கேன்வாஸை வெட்டி, பசை பக்கம் துணியில் படும்படி வைத்து, இஸ்திரியை ஒரு இடத்தில் 10 நொடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்த்து இழுத்தால் பனியன் நீண்டு, நீண்டபடியே ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு வெட்டுங்கள். மெஷினில் பால்பாயின்ட் ஊசி (முனை உருண்டையானது), இல்லாவிட்டால் ஊசி பின்னலைக் குத்தி ஓட்டை விழும்.

குழந்தை சைஸ் டீ-ஷர்ட்டில் 10½ இஞ்ச் கிடைக்காது. படம் இருக்கிற பகுதியை மட்டும் 7 இஞ்ச்சுக்கு எடுத்து, வேட்டித் துணிக் கட்டத்தின் நடுவில் வைத்து ஓரத்தை மடித்துத் தையுங்கள். படத்தின் மேல் இஸ்திரி படக் கூடாது, பிரின்ட் உருகி அடியில் பிடித்துக்கொள்ளும்.

சரிகைப்பேட்டை:
பட்டுக்கும் இதே கேன்வாஸ்தானே? மடிப்பில் கிழிந்தாலும் பின்னால் ஒட்டிவிட்டால் நிற்குமே.

பாவும்_ஊடையும்:
நல்ல பட்டுக்கு ஒட்டலாம். கிழிகிற பட்டுக்கு ஒட்டாதீர்கள்.

காரணம் இது. காஞ்சிப் பட்டில் ஜரிகை கனம், பட்டு நூல் மெல்லிசு. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியில் நூல் ஒவ்வொன்றாக முறிகிறது. பசையால் ஒட்டினால் ஒட்டிய இடம் அட்டை மாதிரி விறைத்து, அதன் ஓரத்தில் புதுசாக ஒரு மடிப்பு உண்டாகும். அடுத்த கிழிசல் அங்கே. அதோடு ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது, பிரித்தால் பட்டு பசையோடு வரும்.

மல் துணியை (நனைத்துக் காயவைத்தது) அடியில் விரித்து, அதன்மேல் பட்டைச் சுருக்கம் இல்லாமல் வைத்து, மெல்லிய ஊசியில் ஒற்றை இழை நூலால் ஒரு இஞ்ச் இடைவெளியில் சின்னச் சின்னப் புள்ளியாகப் பிடியுங்கள். கிழிசலின் இரண்டு உதட்டையும் சேர்த்து இழுக்க வேண்டாம். கிடக்கிறபடியே கிடக்கட்டும், மேலே அதே நிறத்தில் மெல்லிய நெட் ஒன்றைப் போர்த்தினால் இழை உதிராது. தொங்கவிடுவதற்கு இது தாங்கும். உடலும் கரையும் சேருகிற கோர்வை வரி கட்டத்தின் நடுவில் வரட்டும். கனமான கரையும் மெல்லிய உடலும் எதிரெதிராக இழுக்கிற இடம் அது, அங்கேயே தையலையும் வைத்தால் பிரியும்.

பட்டில் சேஃப்டி பின் குத்தாதீர்கள், ஓட்டை மூடாது.

சரிகைப்பேட்டை:
புரிந்தது. ஜரிகை பற்றி எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன். வெட்டுவதற்கு முன் ஒரு இழையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் ஜரிகை, வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. அப்படியானால் வெட்டி மிஞ்சுகிற துணுக்கைக்கூட எறிய வேண்டாம், வெள்ளிக்கு விலை உண்டு. பளபளப்பு பிளாஸ்டிக் போல உரிந்தால் இஸ்திரி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுருண்டுவிடும்.

கறுத்திருப்பது வெள்ளி காற்றுப் பட்டுக் கறுத்தது. பற்பசை, புளி, சோடா உப்பு என்று இணையத்தில் சொல்வதையெல்லாம் அதில் தேய்க்காதீர்கள். கறுப்போடு முலாமும் போய், பட்டும் நிறம் மாறும். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்.

நூல்கண்டு:
கடிதம்? துணியில் பிரின்ட் போட்டுத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள்.

காடாத்துணி:
என்ன பிரின்ட் என்று கேளுங்கள். காபிக் கோப்பையில் படம் போடுகிற சப்ளிமேஷன் முறை பாலியெஸ்டரில்தான் பிடிக்கும். பருத்தியில் அன்றைக்கு அழகாகத் தெரிந்து, இரண்டு துவையலில் சாம்பல் நிழலாகிவிடும். டிடிஎஃப் (படலத்தில் அச்சிட்டுச் சூட்டில் துணியில் ஒட்டுவது) என்றால் பருத்தியில் நிற்கும். ஆனால் அது பிளாஸ்டிக் படலம்: இஸ்திரி நேராகப் படக் கூடாது, ஊசி குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும். போர்வைத் தையலை அந்தக் கட்டத்தின் ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அசல் கடிதத்தை எந்தக் காரணத்துக்கும் போர்வைக்குள் வைத்துத் தைக்காதீர்கள்.

கைத்தையல்_ராணி:
பிரின்ட்டே வேண்டாம். கடிதத்தின் நகலை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் வேட்டித் துணியை ஒட்டி, ஒரு வரியைப் பென்சிலில் எடுங்கள். எழுத்து சிறிதாக இருந்தால் நகலெடுக்கும்போதே ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக்கொள்ளுங்கள், ‘ணை’, ‘ளு’ மாதிரி எழுத்துகளின் சுழி அரை இஞ்ச்சுக்குக் கீழே தையலில் அடைத்துக்கொள்ளும். எம்ப்ராய்டரி நூலின் ஆறு பிரியில் இரண்டை எடுத்துப் பின்தையல், ஒரு தையல் நெல் நீளத்தில் பாதி. சுழியில் இன்னும் குட்டியாக. எழுதியவர் புள்ளி வைக்க மறந்திருந்தால் நீங்களும் வைக்காதீர்கள்!

சூடு பட்டால் மறைகிற பேனாவால் வரையாதீர்கள். இஸ்திரியில் மறைந்த கோடு கடும் குளிரில் திரும்பத் தெரியும். கனடா, நார்வே என்று அனுப்பினால் அங்கே போய்க் கோடு முளைக்கும்.

பாபின்கேஸ்:
இனிக் கட்டங்களைத் தரையில் பரப்பி, இரண்டடி தள்ளி நின்று போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அடர்நிறமெல்லாம் ஒரு மூலையில் குவிந்திருந்தால் அதில் பளிச்சென்று தெரியும்.

இணைக்கும்போது தையல் நீளம் 2½ மில்லிமீட்டர், ஊசி 14. நூல் பருத்தி. பழைய துணிக்கு நைலான் மாதிரி இரும்பு நூல் போட்டால் பாரம் வரும்போது நூல் அறாது, துணி அறும். நூல் அறுந்தால் திரும்பத் தைக்கலாம். முதல் வரிசையின் தையல் மடிப்புகளை எல்லாம் இடப்பக்கம் படுக்க வைத்து இஸ்திரி போடுங்கள், இரண்டாவது வரிசையில் வலப்பக்கம். வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்பும் மடிப்பும் பொருந்தி உட்கார்ந்து, நான்கு முனையும் ஒரே புள்ளியில் வரும்.

அடுக்குவதற்குத் தரைதான் வசதி. அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க, ஓரத்தை டேப்பால் தரையில் ஒட்டுங்கள், முரசு மாதிரி இறுக்க வேண்டாம். அதன்மேல் வேட்டி, அதன்மேல் கட்டங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையளவு இடைவெளியில் சேஃப்டி பின். ஈரக் காற்றுள்ள ஊரில் பின்னை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் துருப்பிடிக்கும். அன்றைக்கே தைக்க முடியாதென்றால் பெரிய ஓட்டுத்தையலில் பிடித்துவிட்டுப் பின்னை எடுத்துவிடுங்கள்.

தைக்கும்போது பின்பக்கம் சுருக்கம் விழுகிறது என்பது எல்லோருக்கும் வரும் புகார். மெஷினின் பல் அடித்துணியை இழுக்கிறது, பாதம் மேல்துணியைத் தடுக்கிறது, இரண்டும் வேறு வேறு வேகம். மேல்துணியையும் சேர்த்து நகர்த்துகிற வாக்கிங் ஃபுட் என்ற பாதம் உங்கள் மெஷினுக்குப் பொருந்துவது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மேலே பாதத்தை அழுத்துகிற திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, தையல் நீளத்தை 3½க்கு வைத்து, நடுக்கோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே தைத்தால் மிச்சத் துணி முழுக்க நடுவில் குமிந்துவிடும்.

கைத்தையல்_ராணி:
கையால் என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரு விரல் இடைவெளியில் ஓட்டுத்தையல், நூலைச் சுண்டி இழுக்காமல்.

மிஞ்சுகிற துணுக்குகளுக்கும் வழி இருக்கிறது. உத்தர கன்னடத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி (Siddi) சமூகத்தினர் தைக்கும் காவந்திப் போர்வையில் கட்டமே கிடையாது. அடித்துணியின் மூலையில் ஆரம்பித்து, கிடைத்த துண்டை ஓரம் மடித்து வைத்து, ஓரத்தோடு சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வந்து முடிப்பார்கள். ஒட்டுவதும் போர்வைத் தையலும் ஒரே வேலை, ஓரப் பட்டியும் தனியாக வேண்டாம். ரவிக்கைத் துண்டு, கைக்குட்டை, கட்டத்துக்குப் போதாத சட்டைக் கை எல்லாம் அதில் அடங்கும்.

நூல்கண்டு:
ஓரப் பட்டிக்குச் சுங்குடியின் கரையை வைக்கலாம் என்று பார்க்கிறேன். 216 இஞ்ச் இருக்கிறதே.

பாபின்கேஸ்:
அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். 50க்கு 60ன் சுற்றளவு 220. மூலை திருப்பவும் முனை சேர்க்கவும் 10 சேருங்கள், 230 வேண்டும். ஒரு கரை 14 இஞ்ச் போதாது. புடவையின் இரண்டு கரையையும் எடுங்கள், இல்லாவிட்டால் மூன்று பக்கம் கரையும் கால்மாட்டில் மட்டும் கண்டாங்கியும் என்று வையுங்கள். எங்கே ஒட்டு வந்தாலும் 45 டிகிரியில் சாய்த்து ஒட்டுங்கள், நேராக ஒட்டினால் மடிக்கும்போது அந்த இடம் மட்டும் கட்டியாகும்.

பட்டி அகலம் 2½ இஞ்ச், நெடுக இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, வெட்டிய ஓரத்தை மேல்பக்கம் வைத்து மெஷினில் ஒரு ஓட்டு. மூலைக்குக் கால் இஞ்ச் முன்னால் நிறுத்தி, நூலை வெட்டி, பட்டியை மேலே தூக்கி மடித்து, திரும்பக் கீழே இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். பிறகு பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங்.

காடாத்துணி:
துவைக்கும்போது பக்கெட்டில் ஊற வைத்து மிதித்து அலசுங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம். காயப்போட இரண்டு கொடிக் கயிற்றின் மேலே பாலம் மாதிரி விரியுங்கள். ஒரு முனையில் தொங்கினால் தண்ணீர் பாரம் முழுக்க மேல்வரிசைத் தையலில் இறங்கும்.

சுவரில் தொங்குகிற பட்டைக் கழற்றி வைக்கும்போது பாச்சை உருண்டை இருக்கிற பீரோவில் வைக்காதீர்கள், ஜரிகை இன்னும் கறுக்கும். பழைய வேட்டியில் சுற்றி, பக்கத்தில் வசம்பைத் தனித் துணியில் முடிந்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும், அல்லது மடிக்காமல் ஒரு அட்டைக் குழாயில் சுற்றிவிடுங்கள். ஜவுளிக்கடையில் துணி சுற்றி வருகிற குழாய் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

நூல்கண்டு:
சுங்குடி மூன்றையும் சோதித்தேன். அரக்கு மட்டும் விடுகிறது, நான்காவது அலசலில் இருக்கிறது. ஃபால்ஸைப் பிரித்தேன், அடியில் இருப்பது வேறு அரக்கு.

பாவும்_ஊடையும்:
அந்தக் கரைத் துண்டையும் தனியாக நனைத்துச் சோதியுங்கள். வெயிலும் தேய்ப்பும் படாத சாயம் அது, மேலே இருப்பதைவிட அதிகமாக விடலாம்.